இடது காலுக்கு ஒரு சலங்கை

முட்டி ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், கட்டிலைச் சுற்றி நின்று சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் முன்னிலையில்தான் கோதண்டபாணி அந்தப் பந்தயத்தில் மாட்டிக்கொண்டார்.

டாக்டர் அப்போதுதான் வந்துவிட்டுப் போயிருந்தார். நடக்கலாம், மெதுவாகப் படி ஏறலாம், ஆனால் கிளட்ச் மிதிக்கிற சோலியே இனி கூடாது, அந்த இடது முட்டி அதற்குத் தாங்காது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். டாக்டரின் முதுகு மறைவதற்குள் வேணு வாயைத் திறந்துவிட்டான். வேணு, கோதண்டபாணியின் மனைவி பிரபாவதிக்குத் தம்பி. நகரியில் நாலு விசைத்தறி வைத்திருக்கிறான்.

"அப்ப மிளகா எனக்குதான் பாவா."

மிளகாய் என்பது கார். இங்கிலாந்தில் செய்தது, வயது அறுபதை நெருங்குகிறது. நீளமான மூக்கு, இரண்டே இரண்டு சீட்டு, மேலே கூரை கிடையாது, உடம்பெல்லாம் சிவப்பு. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் கூட்டைக் கோதண்டபாணி வாங்கிவந்து ஓட வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அவர் ஊரான திருவாலங்காட்டில் எல்லோரும் கேட்டார்கள். கரும்பு ஏத்தலாமா? முடியாது. குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகலாமா? முடியாது. மழை வந்தால்? நனைய வேண்டியதுதான். அப்புறம் எதுக்குய்யா இது? அதற்குக் கோதண்டபாணி சாவியைத் திருப்பி ஒரு உறுமு உறும விடுவார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அந்த வீட்டில் டிராக்டர், மோட்டார், மாடு, மனுஷன் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வேலையே இல்லாமல் ராஜா மாதிரி இருந்தது மிளகாய் ஒன்றுதான். அதில் உட்கார்ந்தால் அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

"நான் ஓட்டிக் காட்றேன்" என்றார், படுத்தபடியே.

"கிளட்ச் மிதிக்காமயா?"

"மிதிக்காமதான். திருத்தணி மலை மேல கொண்டுபோயி நிறுத்தறேன். இன்னா சொல்ற?"

மலையை அவர் வாய் தானாகச் சொன்னது. அந்தக் குடும்பத்தில் எந்த வண்டி வந்தாலும், எந்த வண்டிக்குப் பெரிய ரிப்பேர் முடிந்தாலும், முதல் பயணம் முருகன் மலைக்குத்தான். டிராக்டர் போயிருக்கிறது. பவர் டில்லர் போயிருக்கிறது. சக்கரமே இல்லாத வாஷிங் மெஷினைக்கூடப் பிரபாவதி வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பூஜை போட்டிருக்கிறாள்.

வேணு விரலை மடக்க ஆரம்பித்தான். ஓட்டுவது பாவாவாக இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் சாட்சியாக வேணு இருப்பான். அடிவாரத்திலிருந்து கோயில் வரை யாரும் வண்டியைத் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. மெக்கானிக் வேடிக்கை பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மிளகாய் நகரிக்கு வந்துவிட வேண்டும்.

"நான் கெலிச்சா?"

வேணு யோசித்தான். பிரபாவதி யோசிக்கவில்லை.

"நீ மொட்டை அடிச்சிக்கணும்" என்றாள் தம்பியைப் பார்த்து.

அறையே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரர், சிரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று எச்சரிக்கப்பட்டவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐம்பத்திரண்டு வயதில் வேணுவுக்குச் சொத்து என்று சொன்னால் தறிக்கு முன்னால் தலைமுடியைத்தான் சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை மை, சட்டைப்பையில் எப்போதும் சீப்பு, மோட்டார் சைக்கிள் கண்ணாடி என்பதே அவனைப் பொறுத்தவரை பின்னால் வருகிற லாரியைப் பார்ப்பதற்கு இல்லை. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா? கை கொடுத்துவிட்டான்.

அன்றைக்குக் கோதண்டபாணிக்குத் தூக்கம் வரவில்லை. வீரமாகப் பேசியாகிவிட்டது. கிளட்ச் இல்லாமல் கார் எப்படி ஓடும் என்பது அவருக்கே தெரியாது.

அரக்கோணம் ரோட்டில் குமரவேலின் பட்டறை இருக்கிறது. கரும்பு லாரிகளும் டிராக்டர்களும்தான் அங்கே படுத்திருக்கும். குமரவேல் முடியும் என்று சொல்ல மாட்டான், முடியாது என்றும் சொல்ல மாட்டான். "அளந்து பாத்துட்டு சொல்றேங்க" என்பான். மிளகாயை நாலு நாள் அளந்தான். ஒருமுறை அளந்ததை நம்பாமல் இன்னொரு முறை அளந்து, இரண்டும் சரியாக இருந்தால் அதற்காகவும் சந்தேகப்பட்டு மூன்றாம் முறை அளந்தான். பட்டறைச் சுவர் முழுக்கச் சாக்பீஸ் கணக்கு. ஐந்தாம் நாள், "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டுடலாங்க ஐயா" என்றான்.

பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய், அடிபட்டு உடைத்துப் போட்டிருந்த ஒரு வேனின் கியர்பாக்ஸை எடுத்து வந்தார்கள். நாலு கியர். அதில் கடைசிக்கு ஓவர்டிரைவ் என்று பேர்.

"அதுல இன்னாபா விசேஷம்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"நல்ல ரோட்ல வேகமா போறப்ப அந்தக் கியரு தானா விழும் ஐயா. சக்கரம் சுத்தற வேகத்துக்கு என்ஜின் சுத்தத் தேவையில்ல. சத்தம் இல்லாம ஓடிகினு இருக்கும்."

"அதாவது?"

குமரவேல் யோசித்தான். "சம்பந்தி வூட்டுக்குப் போன மாதிரிங்க. உபசாரம் எல்லாம் கீது, வேலை மட்டும் இல்ல."

கோதண்டபாணிக்கு உடனே பிடித்துவிட்டது.

"ஆனா மலை ஏறப்ப அது ஆவாது. மூணுக்கும் நாலுக்கும் மாறி மாறி அலைபாயும். அதுக்குத்தான் இந்த பட்டன். அமுக்கினா ஓவர்டிரைவ் கட்."

என்ஜின் இங்கிலாந்து, கியர்பாக்ஸ் ஜப்பான். இரண்டும் ஜென்மத்தில் முகம் பார்த்ததில்லை. ஒன்றின் போல்ட்டு ஓட்டைக்கும் இன்னொன்றின் ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லாததால், நடுவில் தரகர் போல ஒரு கனமான அலுமினியத் தகடு தேவைப்பட்டது. லேத்தில் கடைந்த முதல் தகடு ஒரு நூல் அளவு தள்ளிப்போயிற்று. இரண்டாவது அரை நூல். மூன்றாவது பொருந்தியபோது குமரவேல் சந்தோஷப்படவில்லை, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று திரும்பவும் கழற்றிப் பார்த்தான். கியர்பாக்ஸ் பெருத்திருந்ததால் காரின் நடுமேட்டை வெட்டி உயர்த்தினான். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத்தண்டை நாலு விரல் வெட்டிக் குறுக்கினான். கியர் ஆயில் சூடாகாமல் இருக்க முன்னால் குட்டி ரேடியேட்டர் ஒன்று. கடைசியாகக் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று போய்ச் சொல்கிற தூதன் அது. அது சரியாக இல்லையென்றால் கியர்பாக்ஸ் எரிந்துபோகும் என்பதால், அந்த ஒரு கேபிளைச் சரிசெய்ய மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

கழற்றிய கிளட்ச் பெடலைக் கோதண்டபாணி துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். பிரபாவதி அதைக் கழுவி ஊறுகாய் ஜாடியின் மூடி மேல் பாரமாக வைத்தாள்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் குமரவேல் லீவரைக் காட்டிப் பாடம் சொன்னான். பக்கத்தில் பி, ஆர், என், டி என்று நாலு இங்கிலீஷ் எழுத்து.

"பி-ன்னா நிறுத்தறதுக்கு. ஆர் ரிவர்ஸு. என் நியூட்ரலு. டி போட்டா ஓடும். முக்கியமா ஒண்ணு ஐயா, லீவரு பி-லயோ என்-லயோ இருந்தாதான் வண்டி ஸ்டார்ட் ஆவும். டி-ல வெச்சிகினு சாவியத் திருப்பினா செத்த பொணம் மாதிரி கெடக்கும். அது ஒரு பாதுகாப்பு."

"ஆங், ஆங்" என்றார் கோதண்டபாணி. மூன்று மாதத்துக்குப் பிறகு பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் காதில் என்ன விழும்?

உலர்களத்தில் ஒத்திகை பார்த்தார்கள். டி போட்டதும் மிளகாய் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. தானாக ஒன்று, தானாக இரண்டு. கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. களத்தின் ஓரம் வந்ததும் நிறுத்த நினைத்தார். அவ்வளவுதான். சும்மா கிடந்த இடது கால் சடாரென்று எழுந்து, இல்லாத கிளட்சைத் தேடி, கிடைத்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. பக்கத்தில் இருந்த குமரவேல் கண்ணாடியில் போய் நெற்றியை இடித்துக்கொண்டான்.

"வலது காலுதான் ஐயா! பிரேக்குக்கும் அதுதான், ஆக்சிலேட்டருக்கும் அதுதான். இடது காலுக்கு வேலையே இல்ல!"

இடது காலுக்கு அது புரியவில்லை. நாற்பது வருஷம் வேலை பார்த்த கால். ரிட்டயர் ஆன மறுநாளும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்து நிற்கிற குமாஸ்தா மாதிரி, அவர் நிறுத்த நினைத்தபோதெல்லாம் ஓடி வந்து நின்றது. காலை மடக்கி வைத்துப் பார்த்தார், ஆபரேஷன் முட்டி வலித்தது. துண்டால் சீட்டோடு கட்டிப் பார்த்தார், மரத்துப்போயிற்று. தூங்கும்போதுகூட அந்தக் கால் கட்டிலை உதைப்பதாகப் பிரபாவதி சொன்னாள்.

அவள்தான் மலையடிவாரக் கடையிலிருந்து சலங்கை வாங்கி வந்தாள். காவடிக்காரர்கள் கட்டுகிற பெரிய சலங்கை.

"இடது கால்ல கட்டிக்கோங்க. அது நகர்ந்தா ஜல்லுனு சத்தம் வரும். சத்தம் வந்தா நிறுத்திக்கோங்க."

"ஊரு சிரிக்கும்டி."

"கார நகரிக்கு ஓட்டிகினு போறப்ப சிரிக்கறத விடவா?"

கட்டிக்கொண்டார். ஒரு வாரத்தில் பத்துக்கு எட்டு தடவை கால் அடங்கியது. மீதி இரண்டுக்காகத் தினமும் களத்தில் இன்னும் பத்து சுற்று ஓட்டினார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்த திங்கட்கிழமை. அடிவாரத்தில் வேணு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முந்தின நாள் போட்ட மை பளபளக்க ஏறி உட்கார்ந்தான். பின்னால் ஒரு ஆட்டோவில் தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழக் கூடையோடு பிரபாவதியும், அவள் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு குமரவேலும்.

"இன்னா பாவா, கால்ல சலங்கை? ஆடப் போறியா?"

"நீ மொட்டை அடிக்கறப்ப ஆடலாம்னு."

ஓவர்டிரைவ் பட்டனை அமுக்கினார். மிளகாய் மலைச் சாலையில் மூக்கைத் தூக்கியது. மேடு கூடக் கூட, யாரும் சொல்லாமலே கியர் ஒன்று இறங்கி, வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு. வேணு சீப்பை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டான். காற்று முகத்தில் அடித்தது. கீழே ஊர், ரயில் பாதை, அதற்கப்பால் வயல். கோதண்டபாணிக்கு ஒரு முழு நிமிஷம் தன் முட்டியின் ஞாபகமே இல்லை.

இரண்டாம் வளைவில், சாலைக்கு நட்டநடுவே, ஒரு குரங்கு யாரோ உடைத்த தேங்காய் மூடியோடு உட்கார்ந்திருந்தது.

ஜல்!

சலங்கை ஒலித்தது உண்மை. ஆனால் கால் மிதித்த பிறகுதான் ஒலித்தது. மிளகாய் குலுங்கி நின்றது, இருமியது, அணைந்தது. குரங்கு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் எழுந்து போயிற்று.

கோதண்டபாணி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. டிக் என்ற சத்தம்கூட இல்லை. இன்னொரு முறை. ஊஹும்.

"பேட்டரி பூட்ச்சா பாவா?" வேணுவின் குரலில் தேன் சொட்டியது.

பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் குதித்து இறங்கி, முதல் வேலையாக ஒரு கல்லைத் தேடி எடுத்து மிளகாயின் பின்சக்கரத்துக்குக் கீழே காலால் தட்டி இறுக்கினார். ஆட்டோவும் வந்து சேர்ந்தது. குமரவேல் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். லீவர் டி-யில் நிற்பதைக் கண்டான். வாய் திறந்தது.

"ஏய்! வாய்!" என்று வேணு விரலை நீட்டினான். "மெக்கானிக்கு பேசினா கார் என்னுது."

குமரவேல் வாயை மூடினான். ஆனால் மூடிய வாயோடு ஒரு மனுஷன் எவ்வளவு துடிக்க முடியுமோ அவ்வளவு துடித்தான். வானத்தைப் பார்த்தான், கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டான், கடைசியில் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் பஸ்ஸிலிருந்து ஏழெட்டு பேர் இறங்கிவிட்டார்கள். நம்மூரில் சாலை நடுவே ஒரு வண்டி நின்றால், எதற்கு நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் கை வைத்துவிடுவார்கள்.

"தள்ளாதீங்க! ஐயோ, தள்ளாதீங்கப்பா!" என்று கத்தினார் கோதண்டபாணி.

"பரவால்ல பெரியவரே, இதுல இன்னா கீது."

"வேணாம்யா! கையெடுத்துக் கும்பிடறேன்!"

"கால்ல பாருடா, சலங்கை. ஏதோ வேண்டுதல் போல. புடிங்கப்பா, புண்ணியம்."

ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், பதினைந்து வருஷம் முடிந்தது. வேணு கதவைத் திறந்துகொண்டு குதித்து, எல்லோருக்கும் நடுவில் போய், புகைக்குழாய்க்கு நேராக நின்று தோள் கொடுத்தான். "ஆங், எல்லாம் சேர்ந்து! ஒண்ணு… ரெண்டு… மூணு!"

மிளகாய் அசையவில்லை. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார் கோதண்டபாணி.

வண்டி தள்ளிப் பழகியவன் எவனும் அடுத்து என்ன கத்துவானோ அதையே வேணுவும் கத்தினான்.

"பாவா! நியூட்ரல்ல போடு பாவா! நியூட்ரல் போடாம எப்பிடித் தள்றது?"

"நியூட்ரல் போடுங்க பெரியவரே!" என்று ஏழெட்டு குரல்.

நாற்பது வருஷப் பழக்கம் இடது காலுக்கு மட்டுமா? நியூட்ரல் என்று யாராவது கத்தினால் கை தானாக லீவருக்குப் போகும். போயிற்று. டி-யிலிருந்து என்-னுக்குத் தள்ளியபோது சுவரிலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. துண்டு அடைத்த வாயோடு குமரவேல் எழுந்து நின்றிருந்தான். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது.

பி-லயோ என்-லயோ. செத்த பொணம் மாதிரி. ஆங், ஆங்.

கோதண்டபாணி சாவியைத் திருப்பினார்.

மிளகாய் உறுமிக்கொண்டு எழுந்தது. வயிற்றில் இருந்த புகையை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் வேணுவின் மேல் ஊதியது.

"தள்ளினோம்ல!" என்று புகைக்குள்ளிருந்து வேணு அலறினான். "நாங்க தள்ளினதாலதான் ஸ்டார்ட் ஆச்சி! நகந்துது! கார் என்னுது!"

சண்டை மூண்டது. பாதிப் பேர் நகர்ந்தது என்றார்கள், மீதிப் பேர் உங்கள் தெம்புக்கு அது எங்கே நகரும் என்றார்கள். ஹேண்ட்பிரேக்கை விடாமல் உட்கார்ந்திருந்த கோதண்டபாணிக்கு, தானே கவனிக்கவில்லையோ, ஒருவேளை நகர்ந்துதான் இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பிரபாவதிதான் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து கேட்டாள். "சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சீங்களே கண்டக்டரே, அது எங்க?"

கண்டக்டர் குனிந்தார். கல் வைத்த இடத்தில் இறுகி நின்றது. வண்டி மேலே ஒரு மயிரிழை ஏறியிருந்தாலும் கல்லுக்கும் டயருக்கும் நடுவே சந்து விழுந்திருக்க வேண்டும். அவர் பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து இடுக்கில் செருகினார். நுழையவில்லை. இன்னொரு பக்கம் செருகினார். மடங்கிவிட்டது.

"ஒரு டிக்கெட்டுகூட போவல. நகரல" என்று தீர்ப்புச் சொன்னார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வழி வுடுங்க."

குமரவேல் துண்டை எடுத்துவிட்டு, "இப்ப வாயத் தொறக்கலாங்களா?" என்று கேட்டான்.

"மேல போயி தொற" என்றார் கோதண்டபாணி. வலது காலால் பிரேக்கை மிதித்து, டி போட்டார். வேணு கரி படிந்த சட்டையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டான். மிச்ச வளைவுகளில் சலங்கை ஒரு மணிகூட அசையவில்லை.

மேலே குருக்கள் வந்து சுற்றிப் பார்த்தார். "புது வண்டியா?"

"வண்டி பழசு சாமி. கியர்பாக்ஸ் புதுசு. அதுவும் பழசுதான், நமக்குப் புதுசு."

கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மிளகாய் நாலையும் நசுக்கிக்கொண்டு இரண்டடி நகர்ந்து நின்றது. வேணு மெல்லக் கூட்டத்தில் கரையப் பார்த்தான். பிரபாவதி சட்டையைப் பிடித்தாள்.

"பூமுடி குடுத்தா போதாதா அக்கா? மூணு கத்திரி. முருகருக்கு அதுவும் கணக்குதான்."

"அவரு தோத்திருந்தா நீ மூணு போல்ட்டு மட்டும் கழட்டிகினு போயிருப்பியா?"

முடி இறக்கும் இடத்தில் வேணு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். மை போட்ட முடி கொத்துக்கொத்தாக விழுந்தது. சொன்ன வாக்குக்காகக் கோதண்டபாணி எதிரில் நின்று, வலது காலில் பாரம் கொடுத்து, இடது காலால் இரண்டே இரண்டு ஆட்டம் ஆடினார். வேண்டுதல்காரர் என்று நினைத்து ஒரு அம்மாள் அவர் காலில் விழப் பார்த்தாள். குமரவேல் ஓடிப்போய்த் தடுத்தான்.

இறங்கக் கிளம்பும்போது வேணுவின் தலையில் சந்தனம் மினுங்கியது. கூரையில்லாத வண்டியில் உட்கார்ந்து, தலையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்துக்கொண்டான். "சில்லுனுதான் கீது பாவா" என்றான்.

கோதண்டபாணி சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. டிக் என்ற சத்தம்கூட இல்லை. திரும்பவும் திருப்பினார். பின்னால் ஆட்டோவில் இருந்த குமரவேல் எழுந்தான்.

வேணு கையை நீட்டி, பார்க்காமலே, லீவரை டி-யிலிருந்து என்-னுக்குத் தள்ளினான்.

"இப்ப திருப்பு" என்றான்.